பின்னங்கால்காரி

1

போன வாரம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. இத்தனை வருடமாக மாட்டின் பின்னங்கால்களாக இருந்த என்னை இந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்னங்கால்களாக ஆக்கப்போவதாக எங்கள் நாடகக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஊரில் இருக்கிறவர்கள் யாரும் சிரிக்க வேண்டாம். சிரித்தாலும் பரவாயில்லை, சிரிக்க வைப்பதுதான் என் பிழைப்பு.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இங்கே இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஊருக்கு ஊர் குழந்தைகள் நாடகம் போடுவார்கள். ஆம்பளை பொம்பளை வேஷம் கட்டுவார், பொம்பளை ஆம்பளை வேஷம் கட்டுவாள், பார்க்க வந்த பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்துவார்கள். பல நாடகங்களில் ஒரு மாடும் வரும். ஒரே துணிக்குள் இரண்டு பேர். முன்னால் நிற்பவர் தலையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நடப்பார். பின்னால் இருப்பவர் குனிந்து, முன்னவரின் இடுப்பைப் பிடித்தபடி, இருட்டில் தரையை மட்டும் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். வாலை ஆட்ட ஒரு கயிறு உண்டு. அது என் பொறுப்பு.

முன்னால் நிற்கும் ஜூடிக்கு முழங்கால் தேய்ந்துபோனதால் அவள் விலகிக்கொண்டாள். "கடைசியில் உனக்கும் ஒரு முகம் கிடைக்கிறது, சாரா" என்றார் டைரக்டர். சரஸ்வதி என்ற என் பெயர் இந்த ஊர்க் குளிரில் சாராவாகச் சுருங்கிவிட்டது. செய்தி கேட்டதும் அடுப்படியிலேயே ஒரு குதி குதித்தேன். அப்புறம் அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்படியே நின்றுவிட்டேன்.

2

நான் நடிகையாகத்தான் விமானம் ஏறினேன். கோயமுத்தூரில் படித்த மூன்று வருடமும் கல்லூரி நாடகம் எதையும் விட்டதில்லை. மில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் இஞ்சினியருக்கு வாழ்க்கைப்பட்டு இந்தப் பக்கம் வந்தபோது, பெட்டியில் ஊறுகாய் பாட்டிலுக்கும் பட்டுப் புடவைக்கும் நடுவே என் போட்டோ ஆல்பத்தையும் வைத்து எடுத்து வந்தேன்.

வந்ததும் டிவியில் வேஷம் கிடைத்தது. ஒரு தொடரில் நர்ஸ். இன்னொன்றில் மளிகைக்கடைக்காரி. மூன்றாவதில் பஸ்ஸில் உட்கார்ந்து அழும் பெண், அதுவும் ஜன்னலுக்கு வெளியிலிருந்து எடுத்த காட்சி, அன்றைக்குப் பார்த்து மழை வேறு. இமைக்காமல் உட்கார்ந்திருந்தால் ஒருவேளை நான் உங்கள் கண்ணில் படலாம். அப்புறம் அந்த மூன்று வேஷங்களும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் மாட்டு வேஷத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மாடு மாதிரி நடந்து காட்டச் சொன்னார்கள். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் "மூ" என்று கத்திக்கொண்டு கைகால்களால் தவழ்ந்தார்கள். நான் காங்கேயத்து மாட்டுத் தரகர் மகள். நல்ல மாடு முன்னங்கால் பட்ட தடத்தில் பின்னங்காலை வைக்கும் என்று எனக்குத் தெரியும். இடுப்பை அசைத்து, அவசரப்படாமல், வழியில் ஒரு முறை நின்று ஈ ஓட்டிவிட்டு நடந்தேன். அந்த இடத்திலேயே வேலை கொடுத்தார்கள். ஆனால் பின்னால்தான். முன்னால் நிற்க ஜூடி இருந்தாள்.

அந்த வருடம் ஓர் அரசாங்க அலுவலகத்தில் என் தொழிலைப் பதிய வேண்டியிருந்தது. "நடிகை" என்றேன். என்ன வேஷம் என்று கேட்டார் அங்கே இருந்தவர். "மாடு." முழு மாடா என்றார். "பாதி." அவர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். பிறகு வந்த தபாலைப் பிரித்தால், என்னைக் கால்நடைப் பராமரிப்பில் சேர்த்திருந்தார்கள். அதை மாற்றுவதற்குள், நாடகத்துக்கு நான் நடந்ததைவிட அலுவலகத்துக்கு நடந்ததுதான் அதிகம்.

கிறிஸ்துமஸ் போக மற்ற மாதங்களில் பிறந்தநாள் விருந்துகளில் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டுகிறேன். கைப்பொம்மை, பலூன், பாட்டு. நம் ஊர்ப் பழக்கம் விடுமா? மூன்று வயதுப் பிள்ளையைக்கூட "ஐயா வாங்க, அம்மணி இப்படி உட்காருங்க" என்கிற மரியாதையோடுதான் கூப்பிட வருகிறது. அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்வேன். வேறு யாரும் தங்களை அப்படிக் கூப்பிட்டதில்லை என்பதால் அந்தப் பிள்ளைகள் முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்காருவார்கள். அதற்காகவே என்னைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

3

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சந்தையில் விலையை வாய்விட்டுப் பேச மாட்டார்கள். தரகரும் மாட்டுக்காரரும் ஒரு துண்டைக் கைகளின் மேல் போட்டுக்கொண்டு உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரல் என்றால் ஒன்று, ஐந்தும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. படியவில்லை என்றால் கையை உருவிக்கொள்வார்கள். படிந்தால் இறுக்கிப் பிடிப்பார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்கு இரண்டு பேருடைய முகமும் தெரியும், விலை தெரியாது.

சின்ன வயதில் சந்தையிலிருந்து வந்ததும் அப்பா என் கையின் மேல் துண்டைப் போடுவார். ஒரு விரலைப் பிடிப்பார். ஒரு கமர்கட் என்று அர்த்தம். நான் வெடுக்கென்று கையை உருவுவேன். இரண்டு பிடிப்பார், உருவுவேன். "என்னுங் அம்மணி, ரொம்பக் கறாரா இருக்கறீங்க?" என்பார். ஐந்தையும் பிடிக்கும்போதுதான் நான் இறுக்கிப் பிடிப்பேன். பையில் எப்போதும் ஐந்துதான் இருக்கும். ஆனாலும் ஒன்றிலிருந்துதான் தொடங்குவார்.

கல்லூரியில் முதல் நாடகத்துக்கு அவரைக் கூப்பிட்டேன். "வேஷங் கட்டறதெல்லாம் நமக்கு எதுக்குங் கண்ணு?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதோடு சரி. அப்புறம் என் நடிப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் மழை உண்டா, அந்த ஊர் மாடு எத்தனை லிட்டர் கறக்கும், மாப்பிள்ளைக்குச் சளி விட்டதா என்று கேட்பார். நாடகம் என்ற பேச்சு வந்தால் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவார். அம்மாவிடம் நான் எல்லாம் சொல்லியிருந்தேன். அம்மா அதை அவரிடம் சொல்லும்போது "ஏதோ ஒரு வேசமாமுங்க" என்று சுருக்கிவிட்டார்.

எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். நான் செய்வதை அப்பா ஒரே ஒரு முறை பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுத் திட்டினாலும் பரவாயில்லை.

அந்த விரல் பாஷைதான் என்னை மாட்டுக்குள் காப்பாற்றியது. மேடையில் பாட்டுச் சத்தத்தில் உள்ளே பேசினால் காதில் விழாது. முதல் வாரம் ஜூடி இடப்பக்கம் போக, நான் வலப்பக்கம் போக, மாடு நடுவில் கிழியப் பார்த்தது. அப்புறம் ஜூடிக்கு விரல் பேசச் சொல்லிக்கொடுத்தேன். அவள் இடுப்பில் இருக்கும் என் விரல்களைத் தன் ஒரு கையால் தொட்டுச் சொல்வாள். ஒரு விரல் வலது, இரண்டு இடது, ஐந்தும் பிடித்தால் நில். அதற்கப்புறம் எங்கள் மாடு அந்த வட்டாரத்திலேயே பேர் வாங்கிவிட்டது.

4

இந்த ஆகஸ்டில் துடியலூரில் தம்பி மகளின் முதல் பிறந்தநாள். "அக்கா, நீங்க மாட்டோட வாங்க. மண்டபம் புடிச்சுப்போட்டேன்" என்றான் தம்பி. ஜூடியால் வர முடியாது. மீதி இருந்தது என் மகள் யாழினி.

யாழினிக்குப் பதினைந்து வயது. என் போன் பேச்சைக் கேட்டுத் தமிழ் கற்றவள் என்பதால் பூனையைக்கூட "போங்க" என்றுதான் விரட்டுவாள். குழந்தையாக இருந்தபோது பஸ்ஸில் என் சால்வைக்குள் கைவிட்டு அவளும் நானும் விரல் விளையாட்டு விளையாடியிருக்கிறோம். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு தெருவில் என் கையைப் பிடிப்பதே இல்லை. என் நாடகத்துக்கும் வருவதில்லை. "நீங்க இருக்கறதே யாருக்கும் தெரியாதுங்கம்மா, அப்புறம் எதுக்கு நான் வந்து பாக்கணும்?" என்றாள் ஒரு நாள். எனக்குச் சுருக்கென்றது.

மாட்டுக்குள் வருகிறாயா என்று பயந்துகொண்டேதான் கேட்டேன். தலையை ஆட்டினாள். "ஆனா நான் குனிய மாட்டேங்க" என்றாள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கோவை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். சுங்கப் பிரிவில் இருந்தது ஓர் இளம்பெண்.

"இது என்னங்க மேடம்?"

"மாடுங்க."

"முழுசாங்களா?"

"தலையும் தோலும் மட்டுந்தாங்க. காலு நாங்களே."

"தோலுங்களா?" என்று அவர் எழுந்தேவிட்டார்.

"துணிங்க, துணி!" என்றாள் யாழினி. சொன்னதோடு நிற்காமல் தலையை எடுத்து மாட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் கயிற்றை இழுத்து மாட்டின் இமைகளைப் படபடவென்று அடித்துக் காட்டினாள். பின்னால் வரிசையில் நின்ற குழந்தைகள் கைதட்டினார்கள். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு "போங்க போங்க, புல்லு கில்லு வெச்சிருந்தா மட்டும் எடுத்துப் போட்டுருங்க" என்றார். என் மகள் முதல் முறையாகப் பொது இடத்தில் மாட்டுத் தலையோடு நிற்பதைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

துடியலூர் போய்ச் சேர்ந்தால் மண்டப வாசலில் பிளக்ஸ் கட்டியாகிவிட்டது. "இங்கிலாந்து புகழ் நடிகை" என்று போட்டு, கழுத்து நிறைய மாலையோடு என் கல்யாணப் போட்டோ. நான் நடித்ததில் முகம் தெரிகிற படம் எதுவும் இல்லாததால் தம்பி அப்படிச் செய்திருந்தான்.

விசேஷத்துக்கு முந்தின நாள் காலையில் மாட்டுத் துணியைத் தலையோடு தம்பி வீட்டு மொட்டை மாடிக் கொடியில் காயப் போட்டிருந்தோம். அப்பா காங்கேயத்திலிருந்து வந்து இறங்கி, குளித்துவிட்டு, வேட்டியை உலர்த்த மேலே போய்விட்டார். அம்மாவும் நானும் அடித்துப் பிடித்துப் பின்னாலேயே ஓடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டோம். அப்பா வேட்டியைத் தோளில் போட்டபடி கொடியில் தொங்கிய கறுப்பு வெள்ளை மாட்டைச் சுற்றி வந்தார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். முதுகைத் தடவிப் பார்த்தார்.

"திமில் இல்ல" என்றார் தனக்குத்தானே. வேட்டியை உலர்த்திவிட்டு இறங்கிப் போய்விட்டார். உள்ளே யார் இருப்பார்கள், எதற்கு என்று ஒன்றுமே கேட்கவில்லை.

"கேட்டியா கண்ணு, திமிலு இல்லையாமா" என்று அம்மா என் கையைக் கிள்ளினார். உடனே ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிட்டார். விமானத்தில் நான் கழுத்தில் மாட்டிக்கொண்டு தூங்கிய தலையணையை வெள்ளைத் துணியில் சுற்றி முதுகில் வைத்துத் தைத்தார். இங்கிலாந்து மாட்டுக்குச் சாயங்காலத்துக்குள் திமில் முளைத்துவிட்டது.

5

மறுநாள் மத்தியானம் விருந்து முடிந்ததும் மாடு வரும் என்று ஏற்பாடு. இலை எடுக்கும்போதே அப்பா மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டார்.

"அதுக்குள்ள எங்கீங்க கெளம்பிட்டீங்க?" என்றார் அம்மா.

"காங்கேயத்துல ஒரு ஆளு மாடு பாக்க வாராப்புல. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"புள்ள அத்தன தூரத்துல இருந்து வந்திருக்குதுங்க. சித்த இருந்து பாத்துப்போட்டுப் போனா என்னங்க?"

நான் அந்தப் பக்க அறையில் பின்னங்கால்களை மாட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. அழுகை வந்தது. ஆனால் வெளியே பாட்டுப் போட்டுவிட்டார்கள், பிள்ளைகள் "மாடு, மாடு" என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். குனிந்து யாழினியின் இடுப்பைப் பிடித்தேன். அவள் என் ஒரு விரலைத் தொட்டாள். வலது. நடந்தோம்.

உள்ளிருந்து எனக்குத் தரையும் கால்களும் மட்டுமே தெரியும். கொலுசு போட்ட சின்னக் கால்கள் துள்ளின. யாரோ வாலைப் பிடித்து இழுத்தார்கள், நான் கயிற்றை இழுத்துத் திருப்பி ஆட்டினேன். மண்டபமே சிரித்தது. யாழினி இமையை அடித்து, தலையை ஆட்டி, ஒரு தாத்தாவின் தட்டிலிருந்து வாழைப்பழத்தை வாங்கி மென்றுவிட்டாள். இவ்வளவு குறும்பு இவளுக்குள் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அப்போது கால்களுக்கு நடுவில் அப்பாவின் செருப்பைப் பார்த்தேன். தேய்ந்த தோல் செருப்பு, பக்கத்தில் ஆடும் மஞ்சப்பை. வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பார்க்காமலே போகிறார். என் கால்கள் தாமாக நின்றுவிட்டன.

யாழினியின் கை என் விரல்களைத் தேடி வந்தது. இரண்டு. இடது. நாங்கள் ஒத்திகை பார்த்ததில் இடதுபக்கம் போவது கிடையாது. அவள் இழுக்க இழுக்க நான் ஓடினேன். பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். திடீரென்று ஐந்து விரல்களையும் இறுக்கிப் பிடித்தாள். நில். நின்று பார்த்தால், மாடு வாசலுக்குக் குறுக்கே நிற்கிறது. அப்பாவின் செருப்பு எங்களுக்கு எதிரே.

"வழியுடுங் சாமி" என்றார் அப்பா.

யாழினி நகரவில்லை. மண்டபத்தில் இருந்த ஒரு மாமா கத்தினார். "என்னங் மச்சா, மாடு புடிச்சுப்போச்சுங்களா? வெலயப் பேசுங்க!"

எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். மஞ்சப்பை தரையில் இறங்குவதைப் பார்த்தேன். செருப்பு நகர்ந்தது. மாட்டைச் சுற்றி வந்தது. விலாவில் ஒரு தட்டல், திமிலில் ஒரு தடவல். அப்புறம் எனக்குப் பின்னால் வந்து நின்றது. ரொம்ப நேரம் நின்றது.

"நாலு எட்டு நடக்கச் சொல்லுங்க" என்றார்.

நடந்தேன். என் வாழ்நாளில் அப்படி நடந்ததில்லை. யாழினி கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து, இடுப்பை ஆட்டி, ஒரு முறை நின்று ஈ ஓட்டி, திரும்பி வந்தேன்.

"மாட்டுக்காரரு ஆருங்க?" என்று அப்பா உரக்கக் கேட்டார்.

"உள்ள இருக்காங்க, அப்புச்சி!" என்று மாட்டுத் தலைக்குள்ளிருந்து யாழினி கத்தினாள். அம்மாவைப் பெற்ற தாத்தாவை அப்படிக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன்.

காற்றுக்காக மாட்டின் விலாவில் ஒரு திறப்பு விட்டிருப்பார்கள். அதன் மேல் ஒரு துண்டு விழுந்தது, உள்ளே இருந்த கொஞ்ச வெளிச்சமும் போனது. அப்பாவின் கை உள்ளே வந்தது. தடவித் தடவி என் கையைக் கண்டுபிடித்து, ஒரு விரலைப் பிடித்தது.

நான் உருவிக்கொண்டேன்.

வெளியே அப்பா இருமுவது கேட்டது. இரண்டு பிடித்தார். உருவினேன். மூன்று. உருவினேன். நான்கு. "படியலீங்களா மச்சா?" என்று அந்த மாமா கேட்டார். "ரொம்பக் கறாருங்க" என்றார் அப்பா. அப்புறம் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தார். நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை.

"அம்மா, என் முதுகெல்லாம் ஈரமாகுதுங்க" என்றாள் யாழினி மெதுவாக. ஆனால் அவள் கையும் வந்து எங்கள் இரண்டு கைகள் மேலேயும் படிந்தது.

"என்ன வெலைக்குங் முடிஞ்சுது?" என்று நாலாபக்கமும் கேட்டார்கள்.

"இது விக்கற மாடு இல்லீங்க" என்றார் அப்பா. பையை எடுக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து எனக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். "ஏனுங் அம்மணி, மறுக்கா மொதல்ல இருந்து ஆடுங்க. மாடு வாங்கறவன் பின்னாடி இருந்துதான் பாப்பான். முன்னால மூஞ்சியக் காட்டி ஏமாத்திப் போடலாம். நடையில முடியாது."

காங்கேயத்துக்கு மாடு பார்க்க வந்தவர் அன்று காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனாராம். பஸ் போனதை அப்பா கவனிக்கவே இல்லை. நாங்கள் மூன்று முறை ஆடினோம். பிறந்தநாள் குழந்தை மட்டும் முதல் ஆட்டத்திலேயே தூங்கிவிட்டது.

6

வெள்ளிக்கிழமை டைரக்டருக்குப் பதில் சொன்னேன். முகம் கொடுத்ததற்கு நன்றி, நான் பின்னாலேயே இருந்துகொள்கிறேன் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். பின்னங்கால்தான் மாடு என்று அவருக்கு எப்படி விளக்குவது? முன்னால் நிற்க ஆள் எடுக்கிற அன்று யாழினியும் வருகிறாளாம். கம்பெனியில் பெயர் கொடுத்து, பள்ளியில் விடுமுறை கேட்டு, எல்லாம் அவளே செய்துவிட்டாள். எனக்கு அவள் சொன்னது கடைசியில்தான். அதைச் சொன்ன அன்று சாலையைக் கடக்கும்போது என் ஒரு விரலைப் பிடித்தாள். வலப்பக்கம் திரும்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் போன் செய்தேன். மழையைக் கேட்டார், மாப்பிள்ளையைக் கேட்டார். போனை அம்மாவிடம் கொடுப்பார் என்று காத்திருந்தேன். கொடுக்கவில்லை.

"நாடகம் எப்பங் கண்ணு?" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு என்று சொல்லி முடிப்பதற்குள் அம்மா பின்னாலிருந்து கத்தினார். "பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ புடிச்சாச்சு கண்ணு! துண்ட எடுங்கன்னு போட்டோ புடிக்கற பையன் எத்தன தாட்டி சொன்னாலும் கேக்காம சண்டை போட்டுப்போட்டாரு!"

"அது கெடக்குது" என்றார் அப்பா. "ஏனுங் அம்மணி, நாடகத்துக்கு டிக்கெட்டெல்லாம் எடுக்க வேண்டாம். மேடைக்குப் பின்னால ஒரு சேர் போடச் சொல்லீருங்க. முன்னால உக்காந்தா எனக்கு நீங்க தெரிய மாட்டீங்க."